பின்பக்கமாக வந்த பசு

அந்தப் பசுவை நான் முதன்முதலில் சந்தித்தது கியூபெக்கின் லாசாலில், எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்ச் சலவை அறையில். சந்தித்தேன் என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். அது எனக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு சுவரோரம் நின்றது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் எண்ணெய் வர்ணம் காயட்டும் என்று யாரோ சாத்தி வைத்திருந்த ஓவியம். அது தெரியாமல், துவைத்த சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிய நான் மாட்டின் தொடையில் நன்றாக உரசினேன். சாரத்தில் மண்ணிறமாக ஒரு தீற்றல். மாட்டின் தொடையில் ஒரு வழுக்கை.

சரியாக அந்த நேரம் உள்ளே வந்தவர்தான் ஓவியர். கீழ்த்தளத்தில் தனியாக இருந்த போலந்துக் கிழவர். நான் சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். அவரோ சாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மிஸ்யூ, உங்கட துணியில மாடு நல்லா வந்திருக்கு" என்றார்.

எனக்குப் போலிஷ் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆகவே பிரெஞ்சில் பேசிக்கொண்டோம். அவர் சொன்னதையெல்லாம், ஐயா என்பதற்குச் சொல்லும் 'மிஸ்யூ'வைத் தவிர, இங்கே என் தமிழில் போட்டிருக்கிறேன். அந்தப் பிரெஞ்சை அப்படியே எழுதினால் கியூபெக்கில் இருக்க விடமாட்டார்கள்.

அவருடைய வீட்டுக்குள் போனால் நிற்க இடமிருக்காது. கட்டிலுக்குக் கீழே வைக்கோற்போர், குளிக்கும் அறையில் உருளைக்கிழங்கு வயல், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வாத்துக்கூட்டம். எல்லாம் அவர் வரைந்த போலந்துக் கிராமம். வீடுகளுக்கு வர்ணம் பூசி ஓய்வு பெற்றவர். இப்போது நேரமெல்லாம் இதுதான். ஞாயிறுகளில் தங்கள் தேவாலய மண்டபத்தில் அடுக்கி வைப்பார். பூசை முடிந்து வரும் போலந்துக்காரர் பார்த்துக் கண்கலங்குவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக் வாங்கப் போய்விடுவார்கள்.

சில நாள் போனபிறகுதான் ஒரு விசயம் எனக்கு உறைத்தது. அந்தக் கிராமத்தில் ஒருவருக்கும் முகம் இல்லை. புல் வாருகிற பெண்களின் முதுகு. வண்டிக்காரரின் முதுகு. மாடுகளோ, சொல்லவே வேண்டாம். விதம்விதமான வால்கள்.

"ஏன் எல்லாரும் அங்கால பார்த்துக்கொண்டு நிக்கினம்? உங்களோட கோவமா?" என்று கேட்டேன்.

"சின்னனில நான் மாடு மேய்ச்சனான், மிஸ்யூ. மாடு முன்னுக்குப் போகும், நான் பின்னுக்குப் போவன். வீட்டிலயும் நான்தான் கடைசிப் பிள்ளை. நடந்தாலும் கடைசி, சாப்பாட்டுக்கும் கடைசி. எனக்கு எல்லாரையும் முதுகாலதான் தெரியும்."

"இப்ப ஆசையா இருக்கா, அங்க போக?"

"மாட்டில மொய்க்கிற இலையான், சேறு, குளிர். விசரா எனக்கு?"

இப்படியே போயிருந்தால் இந்தக் கதை சலவை அறையோடு முடிந்திருக்கும். ஆனால் நாங்கள் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கினோம்.

குடிபூரலுக்கு ஆவணியில் நாள் வைத்தாயிற்று. ஐயருக்குச் சொல்லியாயிற்று. அப்போது என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "பசுவுக்கு என்ன செய்யப் போறிங்க?"

புதுவீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போகவேண்டும். பிறகுதான் மனிதர் போய்ப் பால் காய்ச்சுவது. எங்கள் ஊர் மட்டக்களப்பில் பக்கத்து வளவில் கேட்டால் அவிழ்த்துத் தருவார்கள். ரொக்ஸ்பரோவில் பக்கத்து வளவில் புல்வெட்டும் இயந்திரம்தான் நின்றது.

"பால் பெட்டியில ஒரு மாட்டுப் படம் இருக்கே, அதை முதல்ல உள்ளுக்குக் கொண்டு போவம்" என்றேன். அன்று எனக்குச் சோறு கிடைத்தது, கறி கிடைக்கவில்லை.

அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. ஊரில் நாங்கள் கட்டிய வீட்டுக்குச் சண்டைக் காலத்தில் அவசரமாகக் குடிபோனோம். பசுவும் இல்லை, ஐயரும் இல்லை, பால் மட்டும் அரைகுறையாகப் பொங்கியது. அடுத்த மழைக்கு முன் அந்த வீட்டுக்குக் கூரை இல்லை. கூரையை எடுத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் மனதில் அதன் காரணம், உள்ளே வராத பசுதான்.

"இந்த வீட்டையும் விட்டுட்டு ஓட எனக்கு ஏலா. பசு வராம நான் படி ஏற மாட்டன்" என்றாள்.

வெள்ளிப் பசு வைக்கலாம் என்று அவளுடைய தம்பி சொன்னான். "அது சாமித்தட்டில இருக்கிற சாமான். நடக்கிற மாடா?" என்று அதையும் வெட்டிவிட்டாள். அவனுக்கு முன்னால் சும்மா இருக்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன். "மாடுதானே? கதவளவு மாடு ஒண்டு கண்டுக்குட்டியோட கொண்டு வாறன். எனக்கு ஆளிருக்கு."

எனக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு தயிர்ச்சட்டியோடு முடிந்துவிடும் என்பது மச்சானுக்குத் தெரியும். "அத்தான், அது முட்டாத மாடாப் பார்த்து எடுங்க" என்றான்.

ஓவியரிடம் போய் விசயத்தை விளங்கப்படுத்தினேன். ஓவியத்தை வீட்டுக்குள் கூட்டிப் போகப் போகிறோம் என்றதும் அவர் சிரிக்கவில்லை. தேவாலய ஊர்வலங்களில் இப்படி எத்தனையோ பார்த்தவர்.

"கண்டுக்குட்டியும் வேணும்" என்றேன்.

"சரி."

"முகம் வேணும். லட்சணமான முகம்."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "மாட்டு முகம் எனக்குத் தெரியாது, மிஸ்யூ."

கெஞ்சினேன். முயற்சி செய்கிறேன் என்றார். ஒவ்வொரு மாலையும் வேலையால் வந்து எட்டிப் பார்ப்பேன். உடம்பு அருமையாக வந்தது. முகம் வர மறுத்தது. கடைசியில் ஒருநாள் முகமும் வந்துவிட்டது. பார்த்தால் எங்கேயோ பழகிய முகம். தூங்கி வழிகிற கண், கொஞ்சம் தொங்கிய கன்னம், ஏதோ பகிடி விட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற வாய்.

"இது நானெல்லோ!"

"வேற யார் இருக்கினம், மிஸ்யூ, நான் பார்த்துக் கீற? நீங்கதானே ஒவ்வொரு நாளும் முன்னுக்கு வந்து நிக்கிறீங்க."

"என்ர மனுசி இதுக்குப் பின்னால எப்பிடி உள்ள வருவா? மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குடிபூரல் காலையில், மச்சானின் வான் வண்டியில் ஏற்ற, ஓவியர் படத்தைக் கட்டியே கொண்டு வந்தார். மூலைகளில் மரக்கட்டை வைத்து, மேலே போர்வை. தொடவேண்டாம், இன்னும் ஈரம் என்றார். அவரும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். முகம் மாற்றியாயிற்றா என்று கேட்டேன். மாற்றியாயிற்று என்றார்.

ரொக்ஸ்பரோவில் வாசலில் சனம். கும்பத்தோடு மனைவி. "நேரம் போகுது, கொண்டு வாங்கோ" என்று ஐயர் சத்தம் போட்டார். போர்வையை இழுத்தேன்.

பெரிய பின்பக்கம் ஒன்று. பக்கத்தில் சின்னப் பின்பக்கம் ஒன்று. இரண்டு வால். முகம் இருந்த இடமெல்லாம் சுரண்டப்பட்டு, இரண்டு மாடுகளும் ஓர் ஒழுங்கைப் பாதையில் அங்கால பார்த்து நடந்துகொண்டிருந்தன.

மச்சான்தான் முதலில் சிரித்தான். "அத்தான், மாடு எங்களைப் பார்த்து வெக்கப்பட்டுத் திரும்பிட்டு போல." பிறகு வாசலே சிரித்தது. ஓவியர் கழுத்துப்பட்டியை இறுக்கினார். நான் மனைவியைப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் கறி மட்டுமில்லை, இனிச் சோறும் இல்லை என்று முடிவுகட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. கும்பத்தைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு ஓவியத்துக்குக் கிட்ட வந்தாள்.

"என்னத்துக்குச் சிரிக்கிறிங்க? முகம் தெரிஞ்சா அது வெளியில வாற மாடு. இது உள்ளுக்குப் போற மாடு."

 ஐயர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "பிள்ளை சொல்லுறது சரி. பசுவில லட்சுமி இருக்கிறதும் பின்னுக்குத்தானே" என்று சொல்லி, யாரும் தடுக்க முன்னம் சந்தனமும் குங்குமமும் எடுத்துப் பெரிய மாட்டின் பின்பக்கத்தில் அப்பினார். ஓவியர் தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். வேதமாக இருக்காது.

அடுத்த சிக்கல், கொண்டு போவது எப்படி? பின்னால் வருகிறவர்களுக்கு மாடு நடப்பது தெரியவேண்டும். மாட்டுக்கு முன்னால் மனிதர் போகவும் கூடாது. மனைவி என் முதுகைப் பார்த்தாள். ஓவியத்தை என் முதுகில் சாத்திக் கயிற்றால் கட்டினார்கள். பின்னாலிருந்து பார்த்தால் பசு. முன்னாலிருந்து பார்த்தால் நான். ஓவியர் சுரண்டி எறிந்த முகம் கடைசியில் மாட்டுக்கே வந்து சேர்ந்தது.

"அத்தான், ம்மா எண்டு ஒருக்காச் சொல்லுங்க" என்றான் மச்சான். சொன்னேன். வேறு என்ன செய்ய?

நான் படி ஏறினேன். பின்னால் கும்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவள், அதற்குப் பின்னால் சனம். ஓவியரை முன்னுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் தலையாட்டிவிட்டுக் கடைசியாகவே வந்தார், நாக்கை அடித்து மாட்டை ஓட்டுகிற சத்தத்தோடு.

உள்ளே, நடையில் திரும்பவேண்டிய இடத்தில் நான் மாட்டின் அகலத்தை மறந்துபோனேன். சர்ரென்று ஒரு சத்தம். நேற்று வெள்ளையடித்த சுவரில், முழங்கால் உயரத்தில், மண்ணிறமாக ஈரமாக நீளத்துக்கு ஒரு தீற்றல்.

 துணி எடுக்க ஓடப் பார்த்தேன்; முதுகில் மாடு. அதற்குள் பெண்கள் எல்லாரும் சுவரைச் சுற்றி நின்றார்கள். ஊரில் குடிபுகும்போது பசு உள்ளே சாணம் போட்டால் அந்த வீடு நிலைக்கும் என்பார்கள். சிலர் அதற்காகவே மாட்டைப் பிடித்து வைத்துக் காத்திருப்பார்கள்.

"மாடு போட்டிட்டு கா!" என்று பெண்களைப் பார்த்துச் சிரித்தாள் என் மனைவி. அந்த வருடம் முழுக்க அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. ஓவியர் சர்க்கரைப் பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது சுவரைக் காட்டி, தன்னிடம் வெள்ளை வர்ணம் இருக்கிறது, வந்து பூசித் தருகிறேன் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"கையை வைக்க வேணாம் எண்டு சொல்லுங்க" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அந்த நடைக்கு எத்தனையோ தடவை வர்ணம் பூசினோம். பூசுகிறவர்கள் அந்தத் தீற்றலுக்கு ஒரு சட்டம் விட்டுச் சுற்றிப் பூசவேண்டும். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், "மாடு போட்டது" என்பாள். எந்த மாடு என்று கேட்டால் என்னைக் காட்டுவாள்.