ரொட்டியக்காவும் நான்கு கை இயந்திரமும்

ரொட்டியக்காவுக்கும் அவள் ஓரகத்திக்கும் பேச்சு நின்றுபோனது ஒரு மைதா மூட்டையால். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே பேக்கரியில் மாவு பிசைகிறவர்கள் இருவரும். ஆண்கள் வண்டியில் கடை கடையாக ரொட்டி போடப் போய்விடுவார்கள். மூட்டையை ஆளுக்கொரு முனை பிடித்து மேசைக்குக் கொண்டுவருவது பெண்கள் பாடு. ஒரு நாள் தம்பி பெண்டாட்டியான சின்னவள், "என்னால முடியாது" என்று பாதி வழியில் பொத்தென்று போட்டாள். அதற்குப் பிறகு மூட்டைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

ரொட்டியக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மகாராணிக்கு உடம்பு நோகக்கூடாதாம்" என்று அடுப்பிடம் முறையிட்டுவிட்டு, தனி ஆளாக இழுத்தாள். வருஷக்கணக்கில் இழுத்தாள். வீம்புக்கு எங்கே கணக்கு வழக்கு!

உடம்பு மட்டும் சும்மா இருக்குமா? நின்றால் அடியில் என்னவோ இறங்கி உரசியது. தும்மினால் துணி நனைந்தது. வெளியே சொல்லக்கூடிய சமாச்சாரமா அது? புருஷனிடம் இடுப்பு வலி என்றாள், கடைக்கு வருகிறவர்களிடம் வாயு என்றாள். நிற்கவே முடியாமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் இறங்கியிருப்பதாகச் சொன்ன டாக்டரம்மா, அடுத்த முறை வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிவரச் சொன்னாள். வீட்டில் வேறு பெண் ஏது? பல்லைக் கடித்துக்கொண்டு ஓரகத்தியைக் கேட்டாள். சின்னவள் "ம்" என்றதோடு சரி.

டாக்டரம்மா இருவருக்கும் தாளில் படம் வரைந்து காட்டினாள். உள்ளே வளையம் வைத்துத் தாங்கிப் பிடிக்கலாம். கீழ்வழியாகவே தையல் போடலாம். இல்லையென்றால் வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, இறங்கியதை மேலே தூக்கி, மெல்லிய வலையால் முதுகெலும்பின் அடியோடு சேர்த்துக் கட்டலாம். இதற்குத்தான் ரோபோ.

"மெஷினே வெட்டுமா? நடுவுல கரண்ட் போயிட்டா?"

"அதுவா ஒண்ணும் செய்யாதும்மா. கை என்னோடது. கரண்ட் போனாலும் ஓடுறதுக்கு ஏற்பாடு இருக்கு. வாங்க, காட்டுறேன்."

பயிற்சி அறையில் அது நின்றது, நான்கு கைகளோடு. நுனியில் அரிசி நீளத்துக்கு ஒரு இடுக்கி. டாக்டரம்மா அறை மூலையில் உட்கார்ந்து, பெட்டிக்குள் முகம் புதைத்து விரலை அசைத்தாள். அங்கே தள்ளி நின்ற இரும்புக் கை ஊசியை வாங்கி, ரப்பர்த் துண்டில் ஒரு தையல் போட்டு, முடிச்சும் இட்டது. ரொட்டியக்கா வாய் பிளந்தபடி நின்றுவிட்டாள்.

"நீங்களும் பிடிச்சுப் பாருங்க."

தகரத் தட்டு சுட்ட தழும்பு நிறைந்த விரல்களைப் பெட்டிக்கு அடியிலிருந்த பிடியில் நுழைத்தாள். பயத்தில் கை வெடவெடத்தது. ஆனால் அங்கே அந்த இரும்பு விரல் நடுங்கவில்லை! நடுக்கத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவள் நினைத்ததை மட்டும் உள்ளே விட்டது போலிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தானே தொட்டுப் பார்க்கக் கூசிய இடம். அதற்குமா இவ்வளவு பெரிய வித்தை? யாரோ முகம் தெரியாதவர்கள் ராப்பகலாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே! கைகூப்பலாமா என்றுகூடத் தோன்றியது.

"அப்புறம் சில வாரம் வெயிட்டு தூக்கக்கூடாது. மூட்டையை மறந்துடுங்க" என்றாள் டாக்டரம்மா.

அத்தனை பிரமிப்பும் அந்த இடத்திலேயே வடிந்தது. "அப்ப எனக்கு வேணாம்மா. மூட்டையை யாரு தூக்குவா? எங்க வீட்டு மகாராணியா?"

சின்னவள் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "டாக்டர், படுத்தா உள்ள போயிடும், எந்திரிச்சா இறங்கிடும். விரலால தள்ளிவிட்டாத்தான் ஒண்ணுக்கே வரும். அந்த மாதிரி இருந்தாலும் இது சரியாக்குமா?"

ரொட்டியக்கா திரும்பிப் பார்த்தாள். விரலால் தள்ளுகிற அளவுக்குத் தனக்கு இல்லை. டாக்டரம்மாவும் அப்படி ஒன்று சொல்லவில்லை.

"உனக்கு எப்பலேர்ந்துடி?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து. அன்னைக்கு மூட்டையைத் தூக்கும்போது எல்லாமே வெளிய வந்துடுச்சுக்கா. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

ஒரே அடுப்படியில், ஒரே மேசையின் இரண்டு ஓரத்தில், ஒரே நோவு. இவளோ அதைச் சோம்பேறித்தனம் என்று இத்தனை வருஷம் ஏசித் திரிந்திருக்கிறாள். ரொட்டியக்கா இயந்திரத்தைப் பார்த்தபோதுகூட இப்படித் திகைத்து நிற்கவில்லை.

"சரியாக்கலாம்மா. உங்களையும் பரிசோதிச்சுட்டுச் செய்யலாம்" என்றாள் டாக்டரம்மா.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. துளை போடுவாங்களாமே."

ரொட்டியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல நான் படுக்கிறேன். நான் எந்திரிச்சு நடந்து வர்றதைப் பார்த்துட்டு நீ படு."

"மூட்டை?"

"அண்ணனும் தம்பியும் தூக்கட்டும்டி."