கயிறு யாருக்கு என்று கேட்ட மிஸ்

என் பெரிய பேத்தி சுகந்தி நர்ஸாக இருக்கிறாள். அடுத்தவன் ரமேஷ் கொழும்பில் ஃபார்மசியில் வேலை, சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான். மூன்றாவது பேரன் கெம்பஸ் கிடைத்து மட்டக்களப்பில் படிக்கிறான். நான்காவது தர்ஷினி. பிறந்ததிலிருந்து கால் நடக்காத பிள்ளை. இந்த முறை பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள்.

பசறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் மகனிடமிருந்து போன் வந்தது. “அம்மா, நம்ம யோகராணி மிஸ் போயிட்டாங்க. காய்ச்சல்னு வார்டுல இருந்தவங்க.” போனை வைத்ததும் அந்தப் பெண், “அப்புறம் அந்தக் கடைசிப் புள்ள?” என்று கேட்டாள்.

மிஸ்ஸின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால், மிஸ்ஸை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மிஸ் சமூக சேவை உத்தியோகத்தராகி முதன்முதலாக எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்த நாளில் நான் ஒரு பாவம் செய்தேன். ஊனமுள்ளவர்களைப் பதிய வருகிறார்கள் என்று காலையிலேயே தெரியும். சுகந்தியைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு நடந்த நேரம் அது. இப்படியொரு தங்கச்சி இருப்பது பேப்பரில் ஏறினால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று பயந்து, ஏழு வயது தர்ஷினியைப் பக்கத்துக் காம்பராவில் தூக்கி வைத்துவிட்டேன். மிஸ் வந்ததும் தேத்தண்ணீர் கொடுத்து, மற்ற மூவரின் கெட்டித்தனத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

“இந்தக் கயிறு ஆருக்கு அம்மா?”

“துணி காயப்போடங்க.”

“முழங்கால் உயரத்திலையோ?”

லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் கூரை வரைக்கும் போகாது. மறுபக்கத்திலிருந்து சத்தம் வந்தது: “எனக்குத்தான் மிஸ்! அதப் புடிச்சுத்தான் வாசலுக்கு வருவேன்!”

வெட்கத்தில் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மிஸ் ஏசவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து, “மூண்டு பேரைப் பற்றிச் சொன்னியள். இப்ப நாலாவதைப் பற்றிச் சொல்லுங்கோ, எழுதுறன்” என்றார். சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபக்கத்திலிருந்து பிள்ளைதான் சொன்னாள், அண்ணனின் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதப் பழகிவிட்டதாக. “பட்டியலிலை இல்லாத பிள்ளை, அரசாங்கத்துக்குப் பிறக்காத பிள்ளை” என்று மிஸ் அன்று சொன்னதை இன்னும் பல பேரிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு சக்கர நாற்காலி வந்தது. ரோட்டில் இறக்கிவிட்டு லொறி போய்விட்டது. ரோட்டிலிருந்து லயத்துக்குக் கற்படிகள்தான். நாற்காலியை உரச்சாக்கால் மூடிப் பிள்ளைக் காம்பராவில் வைத்துவிட்டோம். அங்கே கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் குழந்தைகள் அதைப் பிடித்து விளையாடினார்கள். மிஸ் வந்து பார்த்தார். தானே அதில் உட்கார்ந்து, “தம்பி, என்னைப் படியாலை இறக்குங்கோ பாப்பம்” என்று என் மகனிடம் சொன்னார். மூன்றாவது படியில் சக்கரம் மாட்டிக்கொண்டது.

“விட்டா மிஸ் நேரா கீழ தண்ணிக் கானுக்குள்ளதான்,” என்றான் மகன்.

“விட்டிடாதேங்கோ! சம்பளம் இன்னும் எடுக்கேல்லை!” என்று சிரித்தார். இறங்கியதும் முகம் மாறிவிட்டது. “கொழும்பிலை கொள்கை வடிவாத்தான் எழுதியிருக்கினம். அது உங்கட படியிலை தானா இறங்காது. நாங்கள்தான் இறக்கவேணும்.” இரண்டு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆண்கள் மண்ணை வெட்டிச் சரிவுப் பாதை போட்டார்கள். மிஸ்ஸும் மண் சுமந்தார். அந்தப் பாதையால்தான் தர்ஷினி பள்ளிக்கூடம் போனாள்.

பரீட்சை மண்டபம் மேல்மாடியில் என்று தெரிந்ததும், கீழே இடம் கேட்டு விண்ணப்பம் எழுதியவரும் மிஸ்தான். பதில் வருவதற்குள் அவர் போய்விட்டார். தர்ஷினி புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். “மாடிக்கு என்னைய யாரு தூக்குவா அப்பாயி? பயலுக எல்லாம் பார்க்க நான் போகமாட்டேன்” என்றாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிஸ் வேலை செய்த கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த புதுப் பிள்ளை, “உங்கள யாரு வரச் சொன்னது?” என்று கேட்டது.

“யோகராணி மிஸ்.”

“அவங்க இறந்துட்டாங்களே பாட்டி.”

“தெரியும். அதனாலதான் நானே வந்தேன்.”

அந்தப் பிள்ளை இரண்டு மூன்று இடத்துக்குப் போன் பண்ணிப் பார்த்து, பதில் கடிதம் எப்போதோ போய்விட்டது என்றது. தோட்டத்து ஆபீஸுக்கு நடந்தேன். லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. எல்லாத் தபாலும் அங்கேதான் வரும். “வந்தா சொல்லி அனுப்புவோம்ல” என்றார் கிளாக்கர். “நீங்க சொல்லி அனுப்புற லட்சணம் எனக்குத் தெரியாதா? தபால் கட்ட அவிழுங்க ஐயா” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கட்டின் நடுவில் இருந்தது. கீழ் மாடியில் இடம், கூடுதல் நேரமும் உண்டு.

சந்தோஷப்பட விடவில்லை, அதே கட்டுக்குள் கிடந்த இன்னொரு கடிதம். மேல் லயத்து ராமாயி மகனுக்குக் காது மெஷினுக்கு அளவெடுக்க வரச்சொன்ன கடிதம். சொன்ன நாள் போய்விட்டது. மிஸ் இருந்திருந்தால் அது அங்கே கிடந்திருக்காது. கையில் எடுத்துக்கொண்டு மலை ஏறியிருப்பார். அன்று நான் ஏறினேன். ராமாயியைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை கந்தோருக்குப் போய் வேறு நாள் வாங்க வேண்டும். இன்னும் எத்தனை கட்டு, எத்தனை தோட்டத்தில் கிடக்கிறதோ. மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நடைதான். முழங்கால் வலிக்கிறது. ஆனாலும் உட்கார முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். அஞ்சலி நோட்டீசில் போட்டது மிஸ்ஸின் கல்யாணக் காலத்துப் படம். எங்கள் பிள்ளைகளுக்கு அடையாளமே தெரியவில்லை. கிட்டத்தில் எடுத்த புதுப்படம், சேறு பட்ட சேலையோடு இருந்தாலும் பரவாயில்லை, யாரிடமாவது இருந்தால் தபாலில் போடுங்கள். பிள்ளைக் காம்பராவில் மாட்ட வேண்டும். தோட்டத்து விலாசத்துக்கே போடலாம். அங்கே கிடக்காது. தினமும் போய்க் கேட்கிறேன்.