மூவாயிரம் கிலோவை இழுக்க ஒரு வண்டி

ஷார்ஜாவுக்கு வந்து பதினெட்டாவது வருஷத்தில் என் மனைவிக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆனால் அதன் பிறகு மலம் வயிற்றில் போட்ட ஒரு துவாரத்தின் வழியாக, அங்கே ஒட்டிய பைக்குள்தான் போகும். ஆயுள் முழுக்க அப்படித்தான் என்று டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லை. "பை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் விமான நிலையத்தில் வேலை பார்த்தவள். விமானம் கிளம்பும் முன்னால், ஆட்களும் சரக்கும் எரிபொருளும் சேர்ந்து எடை எவ்வளவு, அந்த எடை எங்கே உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுகிற வேலை. சிகிச்சைக்குப் பிறகு அதை விட்டுவிட்டாள். நீண்ட ஷிப்டில் உட்கார முடியவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னாள். பாதி ஷிப்டில் பை கசிந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஃபுஜைராவுக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் அவள் பயந்தது நடந்தே விட்டது. கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, வெளியே பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தவள், வீட்டுக்கே திருப்பச் சொன்னாள். அதன் பிறகு நண்பர்கள் பாலைவனத்துக்குக் கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்க, எனக்குத் துணி மடிக்கிற வேலை இருக்கு" என்பாள். இரண்டு பேர் துணி எவ்வளவு இருந்துவிடப் போகிறது!

இந்த நிலையில்தான் என் ஆபீஸ் நண்பர் ஊரோடு போவதால் தன் கேரவனை விற்பதாகச் சொன்னார். காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு அது. சும்மா பார்க்கத்தான் போனேன். உள்ளே கட்டில், அடுப்பு, பக்கத்தில் ஒரு கதவு. திறந்தால் கழிவறை. கை கழுவத் தொட்டி, கண்ணாடி, சாமான் வைக்க அலமாரி. தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். உறுதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து போட்டோவைக் காட்டினேன். தாழ்ப்பாளையும் தனியாக ஒரு போட்டோ எடுத்திருந்தேன். அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதை எதுல இழுப்பீங்க?"

"பிக்கப் ஏதாவது பார்க்கணும்."

"சாமான் எல்லாம் ஏத்தினா இது எவ்வளவு எடை வரும்?"

எனக்குத் தெரியவில்லை. அன்றிரவே நண்பருக்கு போன் போட்டு விசாரித்தாள். தண்ணீரும் சாமானும் சேர்த்து ஏறக்குறைய மூவாயிரம் கிலோ. பல மாதம் கழித்து அவள் பென்சில் எடுத்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுவாரம் பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு நீல பிக்கப் எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. தோல் சீட், பெரிய திரை, பளபளவென்று சக்கரம். வண்டி விற்கிற பாகிஸ்தானி பாய் பானெட்டைத் தட்டி, நாலு டன்னை நோகாமல் இழுக்கும் என்று இந்தியில் அடித்துச் சொன்னார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கடற்கரைக்கே போய்விட்டேன். அவளோ டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் குனிந்து படித்தாள்.

"இழுக்கும்ங்க. தாங்காது."

"என்ன வித்தியாசம்?"

"கேரவனோட மூக்கு இந்தக் கொக்கி மேல உட்காருது இல்ல? அது மட்டுமே முந்நூத்தி அறுபது கிலோ வரும். நாம ரெண்டு பேரு நூத்தி முப்பத்தேழு. ஜெனரேட்டர், தண்ணி கேன், கேஸ், டெண்ட் எல்லாம் ஒரு நூத்தி எண்பது. இந்த வண்டி முதுகுல அறுநூத்தி முப்பதுதான் ஏத்தலாம்னு போட்டிருக்கான். நாப்பத்தேழு கிலோ ஜாஸ்தி."

"நாப்பத்தேழு கிலோதானே?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நான் நாலு கிலோவுக்கே கையெழுத்துப் போட மாட்டேன்."

பாய் சிரித்துவிட்டார். மேடம் இன்ஜினியரா என்று கேட்டார்.

"இல்ல பாய். ஏரோப்ளேன்ல மூட்டை ஏத்தினவ," என்றாள் இந்தியிலேயே. வேலையை விட்ட பிறகு அவள் அதைப் பற்றித் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு மூன்று வாரம் இதே வேலையாக அலைந்தோம். கனமான சுமைக்கென்றே செய்த பெரிய ரக பிக்கப்தான் வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். அச்சு தடிமன், பின் ஸ்பிரிங், கேரவன் பிரேக்கை டிரைவர் சீட்டிலிருந்தே இயக்குகிற கருவி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எனக்குப் பிடித்த நிறங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு யார்டில், காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்று ஓட்டிக் கழித்த வெள்ளை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் கை வயிற்றுக்குப் போனது. முகம் மாறியது. எனக்குப் புரிந்துவிட்டது. "வீட்டுக்குப் போயிடலாம்மா," என்றேன். வீடு முக்கால் மணி நேரத் தொலைவு.

அவள் தலையசைத்து மறுத்துவிட்டாள். காரிலிருந்து, மாற்றுப் பைகள் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்துக்கொண்டு யார்டு ஆபீசுக்குள் போய், அங்கிருந்த கிழவரிடம் கழிவறை எங்கே என்று கேட்டாள். தகரக் கதவு. உள்ளே என்ன இருந்ததோ. நான் வெளியே, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வந்த இரண்டு டிரைவர்களை "பாய், ஏக் மினிட்" என்று நிறுத்திவைத்தேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது, திரும்பவும் கேட்டது, நின்றது. பெட்ரோல் பங்கிலிருந்து திரும்பிய அந்தப் பயணம் முழுக்க என் கண்முன் ஓடியது. நான்தான் இவளை வெயிலில் இழுத்தடித்தேன் என்று என்மேலேயே கோபமாக வந்தது.

கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள். நெற்றியில் ஈர முடி ஒட்டியிருந்தது.

"ஆச்சு," என்றாள். "அந்த வெள்ளை வண்டியோட ஸ்டிக்கரை நான் இன்னும் பார்க்கலை."

பார்த்தாள். ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல் ஏற்றலாம் என்று இருந்தது. ஒரு கதவில் நசுங்கல், சீட்டில் சிமெண்ட் கறை, குதிரை வண்டி மாதிரி சவாரி. அதைத்தான் வாங்கினோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள், மணல் லாரிகள் நிற்கிற எடை மேடைக்கு வண்டியையும் கேரவனையும் மாட்டிக்கொண்டு போகச் சொன்னாள். முதலில் முன் சக்கரம், பிறகு பின் சக்கரம், பிறகு கேரவன் என்று தனித்தனியாக நிறுத்தவைத்து எழுதிக்கொண்டாள். மூக்கில் பாரம் குறைவு, வேகத்தில் கேரவன் வாலை ஆட்டும் என்று சொல்லி, கேரவனின் பின்னால் இருந்த தண்ணீர் கேன்களை அதன் முன்பக்கத்துக்கு மாற்றச் சொன்னாள். நான் தூக்கினேன். மேடைக்காரர் மூன்றாவது முறை எடை போட்டுச் சொன்னதும், தன் காகிதத்தின் அடியில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாரும் கேட்காத கையெழுத்து. பழைய பழக்கமாகத் தேதியும் நேரமும் போட்டாள்.

டிப்பா என்ற ஊருக்குப் பக்கத்துக் கடற்கரைக்குப் போனோம். மலை ஏற்றத்தில் வண்டி உறுமியதே தவிர, திணறவில்லை. சாயங்காலம் மீன் பொரித்துச் சாப்பிட்டோம். நடுவில் இரண்டு முறை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். அவ்வளவுதான். அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

காலையில் எனக்கு ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து நாற்காலியைப் போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிகிச்சைக்குப் பிறகு அவள் இரவில் மூன்று தடவையாவது எழுந்து பையைத் தொட்டுப் பார்ப்பாள். அன்று ஏழாகியும் எழவில்லை, எட்டாகியும் எழவில்லை. டீ குடிக்க வேண்டும் போல இருந்தது. தூளும் அடுப்பும் உள்ளேதான் இருந்தன. ஆனால் படியில் கால் வைத்தால் கேரவன் லேசாக ஆடும். ஒன்பது மணிக்கு அவளாகக் கதவைத் திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.