அக்காவின் புனிதை

நேற்றுக் காலை பஸ்ஸில் கைப்பேசியைத் திறந்தால், அக்காவின் புனிதை செத்துப்போயிருந்தார். வேல்ஸ் நாட்டு நடிகை, முதுமையால் காலமானார் என்று போட்டிருந்தது. டேனிஷ் ஊரான சில்க்போர்க்கின் ஏரியைத் தாண்டும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெழுகுதிரி மணத்தது. பஸ்ஸில் மெழுகுதிரிக்கு எங்கே போவது? ஆனாலும் மணத்தது.

வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த மாதங்களில்தான் அவர் அக்கா வீட்டுக்கு வந்தார். எங்கள் தம்பி உள்ளே அகப்பட்டிருந்தான். அக்கா பழைய சாமான் கடையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்டெடுத்தார். கன்னியாஸ்திரி முக்காடு, மேலே பார்க்கும் கண்கள், பின்னால் வெளிச்சம். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, முன்னால் மெழுகுதிரி ஏற்றினார். எந்தப் புனிதை என்று செபமாலைக்கு வரும் பெண்களுக்கும் தெரியவில்லை.

"பேர் தெரியாட்டிப் பரவாயில்லை. பெரிய ஆக்களிட்டை எல்லாரும் கேக்கினம். இவவிட்டைச் சனம் குறைவு" என்றார் அக்கா.

நான் அப்போது மேசைகளுக்குக் கால் பூட்டும் வேலை. பெரிய பக்திமான் இல்லை. ஆனால் வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போகும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் நானும் கேட்டேன். பயமாக இருந்தது, கேட்டேன்.

எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்போது பாட்டு, படம், பிறந்தநாள் எல்லாம் நின்றுவிட்டன. தொலைக்காட்சியில் செய்தி மட்டும்தான். மே மாதம் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். தம்பி அழைக்கவில்லை. முகாம்களில் தேடியவர்களும் காணவில்லை என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை செபமாலை முடிந்து தேநீர் குடிக்கும்போது, அக்காவின் மகள் சானலை மாற்றிவிட்டு டேனிஷில் கத்தினாள். திரும்பிப் பார்த்தோம். புனிதை வயதாகி, வாயில் சிகரெட்டோடு, கணவனின் சூப்பில் விஷம் கலக்கிக்கொண்டிருந்தார். ஆங்கிலத் துப்பறியும் தொடர். அதே கண்கள், அதே மூக்கு.

"வயசு போன காலத்தில அவவுக்கு என்ன கஷ்டமோ" என்றார் அக்கா.

செய்தி தவிர எதுவும் போடாத வீட்டில், பொலிஸ் அவரைப் பிடிக்கிறதா என்று எல்லோரும் முடியும்வரை பார்த்தோம். பிடித்துவிட்டது. சுவரிலிருந்த படத்தைக் கழற்றச் சொன்னார்கள் செபமாலைப் பெண்கள்.

"இவ்வளவு நாளும் நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவ. இப்ப எப்பிடிக் கழட்டுறது?" என்றார் அக்கா.

பிறகு நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன். சுரங்கத் தொழிலாளியின் மகள். இளவயதில் கன்னியாஸ்திரி வேடத்தில் பெரும் புகழ். அதன்பின் பல வருடம் ஆளையே காணவில்லை. எங்கோ கோழி வளர்த்திருக்கிறார். கிழவியாகத் திரும்பி வந்து, தொடர் தொடராக ஆட்களைக் கொன்றார். நான் சொன்னதில் அக்கா பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்.

"காணாமல் போய்த் திரும்பி வந்தவ."

அதனால்தான், கார்த்திகையில் மரித்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கேட்கும்போது அம்மா, அப்பா பெயர்களை மட்டும் கொடுப்பார். ஒருமுறை நான் தம்பியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை.

செபமாலைக் கூட்டம் இப்போது இல்லை. பெண்கள் கோல்டிங்குக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். மகள் கோபன்ஹேகனில். அக்காவும் படமும்தான் மிச்சம்.

நேற்று மாலை போய்ச் சொன்னேன். அக்கா எழுந்து படத்தின் முன்னால் போனார்.

"ஏதும் நோய் வருத்தமோ?"

"வயசு, அக்கா."

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"வாற மாதம் பூசைக்கு ஃபாதரிட்டைப் பேர் குடுக்கவேணும்."

"இவவின்ர பேரோ?"

"ஓம், இவவின்ரயும்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல்: "தம்பின்ரயும் குடு."