பத்து நிமிடம் கொதிக்கட்டும்

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் அவர் வெறும் 'லிஃப்ட்'. "லிஃப்ட் வீட்ல இருக்கா?" என்று யாராவது கேட்டால், புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த ஓட்டு வீட்டை நிமிர்ந்து பார்த்துத் திகைப்பார்கள்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு மகள் பிறந்தாள். பதிவேட்டில் நீளமான ஒரு பெயர் இருந்தது. வாயில் வந்தது சிட்டு. சிட்டுவின் இதயத்தில் ஓர் ஓட்டை. பால் குடிப்பதே அவளுக்கு மூட்டை தூக்குகிற வேலை. நாலு வாய் உறிஞ்சுவதற்குள் மூச்சு வாங்கும். பிரசவத்துக்குப் பிறகு மனைவி சாப்பிட வேண்டியிருந்த மருந்து குழந்தைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் புட்டிப்பால்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. எடை ஏறினால்தான் ஆபரேஷன்.

ஏறியது. தேதியும் கொடுத்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. தேதி போயிற்று, ஏறிய எடையும் போயிற்று.

காரணத்தை அவரே கண்டுபிடித்தார். கழுவிக் கவிழ்த்திருந்த புட்டியின் வளையத்தைத் திருகிக் கழற்றினார். நிப்பிள் உட்காரும் இடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு. முகர்ந்தால் புளித்த வாடை. அந்த வாரம் புட்டி கழுவியவர் அவர்தான். வளையத்தைக் கழற்றாமலே பிரஷ்ஷை உள்ளே விட்டு நாலு ஆட்டு ஆட்டிக் கவிழ்த்திருக்கிறார். ஊரார் இயந்திரத்தையெல்லாம் திருகு திருகாகக் கழற்றுகிற கை, சொந்த மகளின் புட்டியைக் கழற்றவில்லை. மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்றிலிருந்து அந்த வேலையை வேறு யாரையும் தொடவிடவில்லை. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டார். வேலை விட்டு வந்ததும் கிரீஸ் போக முழங்கை வரை தேய்ப்பார். புட்டி, வளையம், நிப்பிள், மூடி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுவார். பிறகு புட்டிக்கென்றே வாங்கிய பாத்திரத்தில் முங்க முங்கத் தண்ணீர் விட்டு, உள்ளே ஒரு காற்றுக்குமிழ் நிற்காதபடி சாய்த்து மூழ்கடித்து அடுப்பில் ஏற்றுவார். தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு பத்து நிமிடம். அதுவரை அடுப்பை விட்டு நகரமாட்டார். எடுப்பது இடுக்கியால் மட்டும்.

மைத்துனி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, நீங்க கழுவுற கழுவைப் பார்த்தா பாட்டிலே தேஞ்சு போயிடும் போல."

"தேஞ்சா வேற வாங்கிக்கலாம்மா" என்றார் அவர். சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி தேதி வந்தது. மனைவி முதல்நாளே நகரத்துக்குப் போய் மருத்துவமனையில் படுக்கைக்குப் பதிந்து காத்திருந்தாள். கூட்டத்தில் குழந்தையை உட்கார வைக்கக்கூடாது என்பதால், அவர் மறுநாள் காலைப் பேருந்தில் சிட்டுவோடு கிளம்பினார். ஆறு மணி நேரப் பயணம். இரண்டு வேளைப் பால். அவர் மூன்று புட்டி கொதிக்கவைத்து, மூடி போட்டு, சுத்தமான பையில் கட்டி எடுத்துக்கொண்டார். ஃபிளாஸ்க்கில் கொதித்த தண்ணீர். உலர்ந்த டப்பாக்களில் அளந்த பால்பவுடர். ஒன்று உபரி, எதற்கும் இருக்கட்டும் என்று.

பத்தரை மணிக்கு மலைப்பாதையில் பேருந்து நின்றது. முன்னால் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. இரண்டாவது புட்டிப் பால் அப்போதுதான் முடிந்திருந்தது. ஒரு மணிநேரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. தூறல் விழுந்துகொண்டே இருந்தது. போனில் சிக்னல் இல்லை.

ஒன்றரைக்கு சிட்டு சிணுங்கினாள். மூன்றாவது புட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். யாரோ இறங்குவதற்காக மேலே இருந்த பையை இழுத்தபோது, அது சரிந்து அவர் தோளில் மோதியது. புட்டி கைநழுவி, சேற்றுக் கால்கள் மிதித்த தரையில் உருண்டது.

பின் இருக்கைக்காரர் நல்ல மனிதர். குனிந்து எடுத்தார். நிப்பிளைத் தன் சட்டையில் துடைத்தார். உஃப் என்று ஊதினார். "இந்தாங்க, ஒண்ணும் ஆகல."

"வேணாங்க."

"அட, எம் புள்ளைங்க மூணும் மண்ணைத் தின்னு வளந்ததுங்க. கல்லு மாதிரி இருக்குதுங்க."

"எம் பொண்ணு கல்லு இல்லைங்க" என்றார் லிஃப்ட். குரல் அவரை மீறி உயர்ந்தது. "அவளுக்கு நெஞ்சுல ஆபரேஷன். வயிறு கெட்டா தேதி போயிடும். ஒரு தடவை போயாச்சு."

 பேருந்தில் ஆளுக்கொரு யோசனை. ஃபிளாஸ்க் தண்ணீரில் அலசச் சொன்னார் ஒருவர். ஆனால் அதில் சூடு எப்போதோ இறங்கிவிட்டது. கை பொறுக்கிற வெதுவெதுப்புதான். வெறும் சர்க்கரைத் தண்ணீர் கொடு என்றாள் ஒருத்தி. சிட்டு சிணுங்கலை விட்டு வீரிட்டு அழுதாள். அதுதான் அவருக்குப் பயம். அழ அழக் களைப்பாள், களைத்தால் குடிக்கமாட்டாள்.

கண்டக்டர் ஒரு பெண். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணே, கீழ மண்ணு வார்றவங்க கொட்டகை போட்டிருக்காங்க. அடுப்பு இருக்கும். வாங்க."

மூன்று புட்டிகளையும் பவுடர் டப்பாவையும் பையில் போட்டு, சிட்டுவை மார்போடு துணியால் கட்டிக்கொண்டு அவர் நடந்தார். அரை மைல். வழுக்குகிற பாதை. கண்டக்டர் குடையைக் குழந்தைக்கு மட்டும் பிடித்தாள். இரண்டு பேரும் நனைந்தார்கள்.

கொட்டகையில் சமையல்காரர் ஒருவர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு பாத்திரத்தை எடுத்து நீட்டினார். ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. லிஃப்ட் அதைப் பார்த்துவிட்டு, "சோப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"என் பாத்திரம் அழுக்குங்கறியா? நாப்பது பேரு இதுல தின்னுட்டு நடமாடறாங்கய்யா."

"உங்களைக் குத்தம் சொல்லலை அண்ணே. குத்தம் செஞ்சவன் நான். அதான் இப்படி அலையறேன்."

சமையல்காரர் ஒரு நொடி குழந்தையைப் பார்த்தார். பாத்திரத்தைத் திரும்பப் பிடுங்கி, தானே கரகரவென்று தேய்க்கத் தொடங்கினார்.

புட்டிகளைப் பிரித்துக் கழுவினார் லிஃப்ட். குடிதண்ணீர் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார். என்ன தோன்றிற்றோ, அங்கிருந்த சின்ன எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் தேய்த்து உள்ளே போட்டார். சமையல்காரரின் இடுக்கியையும் நுனி மூழ்கச் சாய்த்து வைத்தார். கொதி வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலாவது நிமிடத்தில் சுடர் நீலத்திலிருந்து மஞ்சளாகி, படபடத்து, அணைந்தது.

"கேஸ் தீந்துடுச்சு" என்று சமையல்காரர் தலையில் கைவைத்தார். "வேற சிலிண்டர் மிஷின் நிக்கற இடத்துல இருக்கு."

கண்டக்டரின் தோளில் சிட்டுவின் அழுகை தேய்ந்துகொண்டே வந்தது. உதட்டோரம் வெளுத்திருந்தது. "அண்ணே, கொதிச்சதுதானே? போதும்ண்ணே. புள்ளையப் பாருங்க."

போதுமோ என்னவோ. அன்றைக்கும் இதே 'போதும்'தான் சொல்லிக்கொண்டார், வளையத்தைக் கழற்றாமல். அவர் கை பாத்திரத்தை நோக்கிப் போயிற்று, பாதியில் நின்றது. "சிலிண்டர் எங்க இருக்கு, காட்டுங்க" என்றார்.

ஓடினார். சேற்றில் ஒருமுறை முழங்கால் பதிய விழுந்தார். சிலிண்டரைத் தோளில் ஏற்றி வந்து மாட்டி, கையை மறுபடி சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டு, கொதி வந்ததும் முதலிலிருந்து எண்ணினார். அந்தப் பத்து நிமிடமும் சிட்டு ஒரு சத்தமும் போடவில்லை. அழுகையைவிட அந்த அமைதி அவரைக் கொன்றது.

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். கொதித்த தண்ணீரில் பவுடரைக் கலந்தார். புட்டியை மூடி, வெளிப்பக்கம் குளிர்ந்த தண்ணீரில் காட்டிச் சூடு தணித்தார். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். நிப்பிளை சிட்டுவின் உதட்டில் வைத்தார்.

அவள் உறிஞ்சவில்லை. வாயில் வைத்தபடியே கண் செருகினாள்.

"ஐயோ" என்றாள் கண்டக்டர்.

 அப்போதுதான் குழந்தைகள் வார்டில் நர்ஸ் சொன்னது அவருக்குப் பொறிதட்டியது: உறிஞ்ச முடியலேன்னா டம்ளரும் ஸ்பூனும் போதும், அவசரப்படாம குடுங்க. பாலை டம்ளரில் ஊற்றினார். சிட்டுவை நிமிர்த்தி உட்கார்த்தி, ஸ்பூன் நுனியைக் கீழுதட்டில் ஒட்டினார். ஒரு சொட்டு. வழிந்தது. இன்னொன்று. நாக்கு அசைந்தது. விழுங்கினாள்.

"முழுங்கிட்டா!" என்று கத்தினார் சமையல்காரர்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. பாதி அவர் சட்டையில் போயிற்று. ஆனாலும் அறுபது மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே போயிருக்கும் என்று கணக்குப் போட்டார். உதட்டில் நிறம் திரும்பியது. டம்ளரில் மிஞ்சியதைத் தயங்காமல் கொட்டினார். சமையல்காரர் மற்ற புட்டிகளைத் தொடாமல், அவற்றின் மேல் பாத்திரத்தின் மூடியை மட்டும் போட்டு வைத்தார். அதற்குள் அவருக்கும் அந்த ஜாக்கிரதை தொற்றிக்கொண்டது.

நாலரைக்குப் பாதை திறந்தது. பொழுது சாயும் வேளையில் மருத்துவமனை வாசலில் மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவர் சேற்றுக் கால்சட்டையைப் பார்த்து, "என்னங்க ஆச்சு?" என்றாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார்.

"சுத்தமாத்தானே குடுத்தீங்க?"

"என்னால முடிஞ்ச வரைக்கும்."

ஆபரேஷனுக்கு முன் இரண்டு நாள் கண்காணிப்பு. ஒவ்வொரு டயப்பரையும் அவரே பிரித்துப் பார்த்தார். செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றார். மூன்றாம் நாள் காலை டாக்டர் சிட்டுவின் வயிற்றை அமுக்கி, ஏட்டைப் புரட்டி, "எல்லாம் நல்லா இருக்கு. பத்து மணிக்குக் கூட்டிட்டுப் போவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்.

லிஃப்ட் நடைபாதையில் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் தேதி போனதைப் பற்றி இரண்டு மாதமாக இருவரும் பேசியதில்லை.

"அப்போ நான் உங்க மேல கோவமாத்தான் இருந்தேன்" என்றாள் அவள்.

"தெரியும்."

"இப்போ இல்ல."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பத்து மணிக்கு ஆட்கள் வந்தபோது எழுந்து, தள்ளுவண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கதவு வரை கூடவே போனார். ஓட்டையை அடைத்தார்கள். எட்டாம் நாள் சிட்டு வார்டையே எழுப்புகிற மாதிரி பசிக்கு அழுதாள்.