மறக்காத பெட்டி

என் மச்சானின் வலது கை தேயிலைக் கொழுந்து அரைக்கும் ரோளரில் போனபோது நான் பக்கத்து அறையில் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு ஓடி மெயின் சுவிட்சை இழுத்தேன். அதற்குள் ரோளரின் மேசை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அலவாங்கு போட்டு நெம்பித்தான் கையை வெளியே எடுத்தோம். எடுத்ததைக் கை என்று சொல்ல முடியாது. பச்சைக் கொழுந்து மணமும் இரத்த மணமும் கலந்து அடித்தது. 

எண்பதுகளின் கடைசி அது. இலங்கை மலையகத்தில், கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் நான் மின்சார வேலை பார்த்தேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அக்காவின் புருஷன் அங்கே ரோளரில் வேலை செய்தார். கரண்ட் போவது எங்களுக்கு மழை பெய்வது மாதிரி. போனவுடன் ரோளர் ஆட்கள் மேசைக்கு அடியில் கையை விட்டு, ஒட்டிக் கிடக்கும் கொழுந்தைச் சுரண்டுவார்கள். ரோதைச் சக்கரம் நின்றால் ரோதமுனி தூங்குகிறது, அந்த நேரம் கையை விட்டால் ஒன்றும் செய்யாது என்பது அவர்கள் கணக்கு. ரோதமுனி எங்கள் ஸ்டோரைக் காக்கிற சாமி.

அந்தக் கணக்கில் தப்பில்லை. பழைய ஸ்டார்ட்டரின் கைப்பிடி கரண்ட் போனால் தானாக விழுந்துவிடும். திரும்ப ஒருவர் வந்து தூக்கிவிடாமல் மெஷின் ஓடாது. ஆனால் அந்த வருடம் ரோளரை ஓட்டவும் நிறுத்தவும் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்து சுவரில் ஏறியது. உள்ளே பூரான் மாதிரிக் கால்களோடு ஒரு சிப். செய்ய வேண்டியதெல்லாம் அதில் எழுதியிருந்தது. கரண்ட் போனாலும் பெட்டி எதையும் மறக்காது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓட்டும். மச்சானின் கை உள்ளே இருந்தபோது அதைத்தான் செய்தது.

முனி காவு கேட்டுவிட்டது என்று ஸ்டோர் வாசலில் சேவல் அறுத்தார்கள். குடித்துவிட்டுக் கையை விட்டிருப்பான் என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. மச்சான் சாராயத்தைத் தொடாதவர். எனக்குத் தலைக்கு ஏறியது. ஸ்பேனரை எடுத்துப் பெட்டியின் கண்ணாடியை அடித்து நொறுக்கினேன்.

"முனி கேக்கலடா, இந்தச் சனியன் கேட்டுச்சு!" என்று கத்தினேன்.

பெட்டியைச் செய்த கம்பெனியிலிருந்து ஓர் இளம் எஞ்சினியர் வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். ஜீப்பை விட்டு இறங்கியதும் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். சில கைகளில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்தது. இனக்கலவரத்தில் டவுனில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்த காலம் யாருக்கும் மறக்கவில்லை. "வெட்டுங்கடா" என்று ஒரு குரல் வந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினேன்.

அவர் அப்போதும் கேட்டார்: "கரண்ட் போனா நீங்க என்ன செய்றீங்க?"

"கைய விட்டுச் சுரண்டுவாங்க. வேற எப்ப சுரண்டுறது?"

அவர் முகம் செத்துப்போனது. "அத எங்களுக்கு யாரும் சொல்லல. நாங்க கேக்கவும் இல்ல," என்றார்.

சட்டையை விட்டேன். கோபத்தை விடவில்லை.

பழுதுபார்த்த பெட்டியில் புதுச் சிப்பைப் போட அவர் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மச்சானும் ஸ்டோருக்கு வந்து நின்றார். சட்டையின் ஒரு கை வெறுமையாகத் தொங்கியது. வேண்டும்போது முந்தின சிப் மாதிரித் தானாக ஓட ஒரு பொத்தான் வைக்கச் சொன்னார் துரை. கரண்ட் வந்ததும் ஓடாவிட்டால் கொழுந்து புளித்துவிடுமாம். எஞ்சினியர் மறுத்துவிட்டார். "யார் எத அமுக்கினாலும் மாறாது சார். ஆள் வந்து ஸ்டார்ட் பட்டன அமுக்கினா மட்டும்தான் ஓடும். சிப்லயே எழுதியாச்சு."

எழுதியதை நாங்கள் எப்படி நம்புவது? முந்தின சிப்பிலும் எழுதித்தானே இருந்தது? நாளைக்கு இன்னொருத்தன் கையை விட வேண்டிய இடம் அது. வாய்விட்டே கேட்டேன்.

அவர் ரோளரை ஓடவிட்டு, ஓடும்போதே மெயினை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். மேசை நின்றது. அவர் சட்டைக் கையை மடித்து, மச்சான் கையை விட்ட அதே இடத்தில் தன் கையை விட்டார்.

"கரண்ட் போடுங்க."

நான் சுவிட்சைப் பிடித்தேன். ஓடினால் ஓடட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. தள்ளினேன்.

நான் தள்ளும்போதே மச்சான் பாய்ந்தார். இருந்த ஒரு கையால் எஞ்சினியரின் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். "அங்க கைய வைக்காதீங்க சார்! வைக்காதீங்க!"

பெட்டியில் விளக்கு எரிந்தது. ரோளர் அசையவில்லை.

"ஓடலயா மாப்புள?" என்றார் மச்சான்.

"ஓடல மச்சான்."

அவர் தரையில் கிடந்த எஞ்சினியர் பக்கம் திரும்பினார். "இத மாத்த ரொம்ப எழுதணுமா சார்?"

"இல்ல அண்ணே. ரெண்டு மூணு வரிதான்."

மச்சான் குனிந்து ஓங்கி ஓர் அறை விட்டார். ஸ்டோர் முழுக்கக் கேட்டது. எஞ்சினியர் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. பிறகு மச்சான் அடித்த கையையே நீட்டி அவரைத் தூக்கிவிட்டார். அவரிடம் வேறு கை இல்லை.