புதுக் காரில் கழற்றிய செருப்பு

புதுக் கார் வந்த நாளிலிருந்து என் கணவர் அதைக் கோவிலாகவே ஆக்கிவிட்டார். யாரும் செருப்போடு ஏறக் கூடாது. தன் செருப்பையும் கழற்றி, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

சென்ற மாதம் இராஜபாளையத்திலிருந்து கழுகுமலைக்குக் கிளம்பினோம். மலைப்பாறையை மேலிருந்து வெட்டிச் செதுக்கிய வெட்டுவான் கோவிலை மகளுக்குக் காட்ட வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை. சங்கரன்கோவில் தாண்டியதிலிருந்து அவர் காலடியில் ஏதோ உரசும் சத்தம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்னங்க, செத்த நேரம் நிறுத்திப் பாருங்களேன்."

"ஏட்டி, புது வண்டின்னா அப்படித்தான் சத்தம் வரும். சும்மா வா."

ஒரு வளைவில் ஆட்டு மந்தை சாலையை அடைத்து நின்றது. பிரேக்கை மிதித்தார். அது பாதிக்கு மேல் இறங்கவில்லை. "ஏட்டி, பிரேக் பிடிக்கல!" என்று அலறிக்கொண்டே, ஓரத்துக் கருவேலம் புதருக்குள் வண்டியை விட்டார். முள் இழுத்துப் பிடித்து வண்டி நின்றது. கீறல் காருக்கு மட்டும்தான். குனிந்து பார்த்தால், பிரேக்குக்கு அடியில் அவருடைய செருப்பு மாட்டிக் கிடந்தது.

மலை ஏறினோம். மகள் ஒவ்வொரு சிற்பமாகக் காட்டிப் பேசினாள். நானோ கீழே நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் பழக்கத்தில் அவர் கார் கதவருகே செருப்பைக் கழற்றப் போவார். நான் விடுவதில்லை.

"மாட்டிக்கிட்டு ஏறுங்க. சாமி கோவிச்சுக்கிட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."